மறைக்காடா, மரைக்காடா? வேதாரண்யம் பற்றிய வாசகர் கேள்விகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்முனையில், கிழக்கே வங்கக் கடலும் தெற்கே உப்புச் சதுப்புமாக அமைந்த நகராட்சி வேதாரண்யம். இந்த ஊரின் பெயரையும் பழங்கதைகளையும் பற்றி வந்த கடிதங்கள் ஏராளம். ஒரே விஷயத்தைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஊரின் உண்மையான பழைய பெயர் ‘மரைக்காடு’, அதாவது மான்காடு என்றும், பிற்காலத்தில் ‘மறை’ ஆக்கி வேதத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்றும் ஒரு சொற்பொழிவில் கேட்டேன். ஊருக்குத் தெற்கே உள்ள கோடியக்காட்டில் இன்றும் மான்கள் திரிவதால் நம்பும்படியாக இருக்கிறது. எது சரி?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

கேட்டவுடன் பிடித்துப்போகும் விளக்கம்தான். ஆனால் மூன்று இடங்களில் இடறுகிறது.

முதலில் எழுத்து. இன்று பேச்சில் ர-வும் ற-வும் பலருக்கு ஒன்றாகிவிட்டன. தேவார காலத்தில் அப்படியில்லை. இரண்டும் வெவ்வேறு ஒலி. பொதுவாக ஒன்றுக்கொன்று எதுகையாகவும் வராது. ஓலையிலும் ற தனி வடிவம். ர-வைத் துணைக்காலோடு மயங்கிப் படிக்கலாமே தவிர, ற-வோடு மயங்க இடமில்லை. ஆகவே ‘ஏடெழுதியவர் கைதவறி மாற்றிவிட்டார்’ என்ற சமாதானம் செல்லாது. தேவாரத்தில் இந்த ஊருக்குக் கிடைக்கும் வடிவம் மறைக்காடுதான். கல்வெட்டுகளில் திருமறைக்காடு.

இரண்டாவது காலம். வேதத் தொடர்பு பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்றால், பழைய பாடல்களில் அது இருக்கக்கூடாது. ஆனால் 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர், ‘சதுரம் மறைதான் துதிசெய்து வணங்கும் மதுரம் பொழில்சூழ் மறைக்காட்டுறை மைந்தா’ என்று பாடுகிறார். சதுரம் மறை என்றால் நான்கு வேதம். வேதங்கள் வந்து வழிபட்ட கதை அப்போதே ஊரறிந்தது. ஊர்ப்பெயரை அதோடு சேர்த்துச் சொல்வதும் அப்போதே வழக்கம்.

மூன்றாவது மான். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கோடியக்காட்டில் மேய்வது வெளிமான். புல்வாய் என்றும் சொல்வார்கள். ஆணுக்கு முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும். திறந்த புல்வெளியில் கூட்டமாக ஓடும். பழந்தமிழில் மரை என்பது வேறு விலங்கு. அதைக் கடமான் இனம் என்பாரும் உண்டு, நீலமான் என்பாரும் உண்டு. எதுவானாலும் அது நெல்லிமரம் நிற்கும் மேட்டு நிலத்து விலங்கு. மலைநாட்டுத் தலைவன் பிட்டங்கொற்றனைப் பாடும் புறநானூறு 170ஆம் பாட்டு, ‘மரை பிரித்து உண்ட நெல்லி வேலி’ என்று அதன் இடத்தைக் காட்டுகிறது. உப்புக் காற்று வீசும் மணல் திட்டில் மரைக் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஒரு சான்றும் இல்லை. இன்றைய வெளிமானை வைத்து அன்றைய மரையை நிறுவ முயல்வதுதான் இந்த விளக்கத்தின் அடிப்படைப் பிழை.

‘காடு’ பற்றி மட்டும் யாருக்கும் ஐயம் வேண்டாம். கோடியக்காட்டின் உலர் பசுமைமாறாக் காடு இன்றும் கண்முன் நிற்கிறது. 1967இல் அது சரணாலயமானது. 2002இல் சதுப்பையும் சேர்த்து ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஊருக்குக் காட்டால் பெயர் வந்தது, அந்தக் காட்டுக்கு மறையால் அடைமொழி வந்தது என்று கொள்வதே கையிலிருக்கும் சான்றுக்குப் பொருந்துகிறது.

கேள்வி: மறைக்காடு எப்போது வேதாரண்யம் ஆனது? யார் மாற்றினார்கள்?
– வாசகி, மன்னார்குடி

ஒரே நாளில் யாரோ ஆணையிட்டு மாற்றியதல்ல. முதல் படி தேவாரத்திலேயே தெரிகிறது. சம்பந்தரின் ‘சிலைதனை நடுவிடை நிறுவி’ என்ற பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு ‘மறைவனம் அமர்தரு பரமனே’ என்று முடியும். பாதிப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது: மறை அப்படியே இருக்க, காடு வனமாகிறது. இன்னொரு பாதியும் மாறினால் வேதவனம். வனத்துக்குப் பதில் ஆரண்யம் என்றால் வேதாரண்யம். தலபுராணங்களும் வடமொழி வழிபாட்டு வழக்கும் அதை நிலைநிறுத்தின.

கல்வெட்டுகளில் தேடுபவர்கள் வேதாரண்யம் என்று தேடினால் ஏமாந்துபோவார்கள். சோழர் காலக் கல்வெட்டில் ஊரின் முகவரி ‘உம்பளநாட்டுக் குன்றூர்நாட்டுத் திருமறைக்காடு’ என்றே வரும். உம்பளம் என்பது மானியமாக விட்ட நிலம்.

சோழநாட்டில் இது தனிக்கதையும் அல்ல. திருவெண்காடு சுவேதாரண்யம் ஆனது, திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆனது, மயிலாடுதுறை மாயூரமாகி மாயவரமாய்த் தேய்ந்தது. மயிலாடுதுறை 1982இல் பழைய பெயருக்குத் திரும்பியது. வெண்காடு மக்கள் வாயில் தமிழாகவே தங்கிவிட்டது. முதுகுன்றமும் மறைக்காடும் பாட்டிலும் கோயில் வழக்கிலும் மட்டும் மிஞ்சின.

கேள்வி: அப்பர் பாடிக் கதவு திறந்ததும், சம்பந்தர் பாடி அடைத்ததும் பெரியபுராணம் கட்டிய கதையா? அதற்கு முந்தைய ஆதாரம் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

உண்டு. அதுவும் அப்பர் வாக்காகவே உண்டு.

கதை இது. கோயிலில் வழிபட்ட வேதங்கள் கதவை அடைத்துச் சென்றுவிட, அடியார்கள் பக்கத்து வழியாகவே போய்வந்தார்கள். அங்கே வந்த அப்பரும் சம்பந்தரும் நேர்வாசல் வழியே தொழ விரும்பினார்கள். அப்பர் ‘பண்ணின் நேர்மொழியாள் உமைபங்கரோ’ என்று தொடங்கினார். கதவு உடனே திறக்கவில்லை. பதிகத்தின் கடைசிப் பாட்டில் ‘இரக்கமொன்றிலீர் எம்பெருமானிரே’ என்று உரிமையோடு மனம் நொந்து, ‘சரக்க இக்கதவம் திறப்பிம்மினே’ என்று கேட்ட பிறகுதான் திறந்தது. சரக்க என்றால் விரைந்து. அடைக்கப் பாடிய சம்பந்தருக்கோ முதற்பாட்டிலேயே கதவு மூடிக்கொண்டது. இதைப் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டில் விரித்துச் சொல்கிறது.

கவனிக்க வேண்டியது, அடுத்து அப்பர் சென்ற திருவாய்மூரில் பாடியது: ‘திறக்கப் பாடிய என்னினும் செந்தமிழ் உறைப்புப் பாடி அடைப்பித்தார் உந்நின்றார்.’ திறக்கப் பாடியவன் நான், என்னைவிட உறுதியாகப் பாடி அடைக்கச் செய்தவர் இதோ நிற்கிறார் என்கிறார். சேக்கிழாருக்கு சுமார் 500 ஆண்டு முந்திய சொல் இது. கதவு எப்படித் திறந்தது என்பது நம்பிக்கை சார்ந்தது. திறக்க ஒருவர், அடைக்க ஒருவர் பாடினார்கள் என்ற செய்தி மட்டும் சேக்கிழார் படைத்ததல்ல. பதிகங்களைத் தனித்தனியே படித்தால் இது கண்ணில் படாது. மறைக்காட்டுப் பதிகங்களையும் வாய்மூர்ப் பதிகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். மாசிப் பெருவிழாவில் கதவு திறக்கும் நிகழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பாடல்களைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

கேள்வி: அம்மன் பெயர் ‘யாழைப் பழித்த மொழியாள்’. இங்கே சரஸ்வதி கையில் வீணை இல்லாததற்கு அம்மனின் குரல்தான் காரணம் என்கிறார்களே?
– வாசகி, நாகப்பட்டினம்

பெயரின் வேர் சுந்தரர் பாட்டு. ‘யாழைப் பழித்தன்ன மொழி மங்கை ஒரு பங்கன்’ என்று மறைக்காட்டுப் பதிகத்தைத் தொடங்குகிறார். யாழிசையைக் குறைசொல்ல வைக்கும் இனிய பேச்சு என்பது பொருள். அந்த அடைமொழி அம்மனுக்குப் பெயராகி, வடமொழியில் ‘வீணாவாத விதூஷணி’ ஆனது. மொழிபெயர்ப்பில் யாழ் வீணையாகிவிட்டது பாருங்கள். வீணை என்றதும் நினைவுக்கு வருபவள் சரஸ்வதி. அம்மனின் குரலைக் கேட்டு அவள் வீணையை வைத்துவிட்டுச் சுவடியை எடுத்துக்கொண்டாள் என்ற கதை இந்த இரண்டாம் பெயரோடுதான் பொருந்துகிறது. யாழ் என்றே பெயர் நின்றிருந்தால் அந்தக் கதை பிறந்திருக்குமா என்பது ஐயம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம், குரவப்புலம், செட்டிப்புலம், தென்னம்புலம் என்று ஏன் இத்தனை ‘புலம்’? நெய்விளக்கு, நாலுவேதபதி என்ற பெயர்கள் எதனால்?
– வாசகர், ஆயக்காரன்புலம்

உங்கள் வட்டாரத்தின் தரையைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். கடல் பின்வாங்கப் பின்வாங்க விட்டுச்சென்ற மணல்மேடுகள் வரிவரியாக ஓடுகின்றன; இடையில் தாழ்ந்த நிலம். மழைக்காலத்தில் தாழ்வில் நீர் நிற்கும், மேட்டில்தான் வீடும் தோப்பும் தோட்டமும். புலம் என்பதற்கு விளைநிலம், இடம் என்று பொருள். ஒவ்வொரு மேட்டு நிலமும் விளைந்ததாலோ இருந்தவராலோ பெயர் பெற்றிருக்கிறது: கத்தரி, தென்னை, குரவமரம், செட்டி, ஆயம் என்னும் வரி தண்டிய ஆயக்காரன். இந்தப் பெயர்களுக்குப் புராணம் தேட வேண்டாம். உழவும் வரியும் குடியேற்றமும் அதில் பதிந்திருக்கின்றன.

நெய்விளக்கு வேறு வகை. ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பது பழமொழி. கோயில் விளக்கின் புகழ் எவ்வளவு பழையது என்றால், திருக்குறுக்கையைப் பாடும்போதே அப்பர் மறைக்காட்டு விளக்கை நினைக்கிறார். அணையவிருந்த தீபத்தில் நெய் தேடி வந்த எலியின் மூக்கு திரியில் பட்டது. சூடு தாங்காமல் எலி துள்ளியதில் திரி தூண்டப்பட்டு விளக்கு சுடர்விட்டது. அறியாமல் செய்த அந்தத் தொண்டுக்காக அது உலகாளும் பேறு பெற்றது என்கிறது பாட்டு. மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது என்பது மரபு. விளக்கு எரிக்க நிலம் விட்டுக்கொடுப்பது சோழர் காலக் கோயில்களில் எங்கும் இருந்த வழக்கம் என்பதால், அப்படி விடப்பட்ட ஊராக நெய்விளக்கைக் கருத இடமுண்டு. உறுதியாகச் சொல்ல, அந்த ஊரைப் பெயர் சொல்லும் கொடைக் கல்வெட்டு வேண்டும்.

நாலுவேதபதி மறைக்காட்டுக் கதையின் நீட்சி. வானவன்மகாதேவி என்ற ஊர்ப்பெயர் இன்னொரு வகை. அது சுந்தர சோழனின் தேவி, ராசராசனின் தாய் தாங்கிய பெயர்.

கேள்வி: கோடிக்கரைதான் சங்கப்பாட்டில் வரும் ‘தொன்முது கோடி’ என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். சரியா? ‘பாயின்ட் கலிமியர்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?
– மாணவி, வேதாரண்யம்

ஆசிரியர் குறிப்பிடுவது அகநானூறு 70. ‘வென்வேற் கவுரியர் தொன்முது கோடி’ என்று வருகிறது. அங்கே ஆலமரத்தின் கீழ் இராமன் பறவைகளின் ஒலியை அடக்கிய செய்தியும் வருகிறது. கவுரியர் என்றால் பாண்டியர். பாண்டியரின் கோடி என்பதால் அது தனுஷ்கோடிப் பக்கம். கோடிக்கரை சோழர் கரை. காட்டுக்குள் மேட்டில் இராமர் பாதம் இருப்பதால் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள்.

கோடி என்றால் முனை, வளைவு. தெற்கு நோக்கி வரும் கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. வரைபடத்தைப் பார்த்தால் பெயருக்கு வேறு உரை வேண்டாம். கோடிக்கரைச் சிவனான கோடிக்குழகரைப் பாடிய சுந்தரர், கடற்காற்று வந்து மோதும் கரையில் அருகே குடிகள் இருந்தால் குற்றமா, யார் துணையாக இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். அன்றும் ஆளரவமற்ற முனைதான்.

கலிமியர் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம், வேதாரண்யம் வட்டத்திலுள்ள கள்ளிமேடு என்ற ஊர்ப்பெயர் மேலைநாட்டார் வாயில் திரிந்தது என்பது. ஒலி பொருந்துகிறது.

கேள்வி: உப்புச் சத்தியாகிரகத்துக்கு இராஜாஜி ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்? அகஸ்தியம்பள்ளியில் உப்பு தானாக விளையும் என்பது உண்மையா?
– வாசகர், திருச்சி

உண்மை. கோடிக்கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 48 கி.மீ. நீளும் சதுப்பில் வடகிழக்குப் பருவமழையின்போது நீர் தேங்கும். மழை நின்று கோடை ஏறியதும் நீர் வற்றி, தரையில் வெள்ளைப் படலமாக உப்புப் பூக்கும். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது சுமார் 35 கிலோ. அதில் சமையல் உப்பு சுமார் 27 கிலோ. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் கடல்நீர் 3 டிகிரி காட்டும். 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும், 25ஐத் தாண்டினால் உப்பு கட்டும். 29, 30 டிகிரியில் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும்; அந்த உப்பு மூட்டையில் ஈரம் இழுத்துக் கசியும். உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நீரை மாற்றுவது இந்த எல்லைகளைப் பிரிக்கத்தான். சதுப்பில் தானாய்ப் பூப்பதில் அந்தப் பிரிப்பு இல்லை, ஆகவே அது சுத்தம் குறைந்தது. ஆனால் கைநிறைய அள்ள முடியும். அதை அள்ளுவதே குற்றம் என்ற சட்டத்தை மீற இதைவிடப் பொருத்தமான தரை எது?

உள்ளூர்த் துணையும் இருந்தது. வேதரத்தினம் பிள்ளை தம் ஊருக்கு வரவேற்று ஏற்பாடுகளைத் தாங்கினார். இராஜாஜியின் தொண்டர் படை 1930 ஏப்ரல் 13 அன்று, ஜாலியன்வாலாபாக் நினைவு நாளில், திருச்சியிலிருந்து புறப்பட்டது. கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக சுமார் 240 கி.மீ. நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தது. 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளிய இராஜாஜி கைதானார். நாமக்கல் கவிஞர் எழுதிய ‘கத்தியின்றி ரத்தமின்றி’ அந்தப் பயணத்தின் நடைப்பாட்டு.

பெயர் பற்றி ஒரு சொல்: சம்பந்தர் பதிகத்தில் இது ‘அகத்தியான்பள்ளி’. பள்ளி என்ற ஈற்றை மட்டும் வைத்து இது சமணப் பள்ளி என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி என்பது முனிவர் உறைவிடத்துக்கும் சிற்றூருக்கும் பொதுச்சொல். சிலையோ கல்வெட்டோ கிடைக்காமல் அப்படிச் சொல்லக்கூடாது.

கேள்வி: நகராட்சியின் பெயரைத் திருமறைக்காடு என்று மாற்ற என்ன வழி?
– வாசகர், தோப்புத்துறை

நகர்மன்றத் தீர்மானம் முதல் படி. அது மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்குப் போகும். அங்கிருந்து மத்திய உள்துறை அமைச்சகத்துக்குச் சென்று, ரயில்வே, அஞ்சல், இந்திய நில அளவைத் துறைகளுக்கு ஆட்சேபம் இல்லை என்று உறுதியானபின் அரசாணையும் அரசிதழ் அறிவிப்பும் வரும். 1953இல் வகுத்த வழிகாட்டுதல்கள் உள்ளூர்ப் பற்றையோ மொழியையோ மட்டும் காரணமாக ஏற்பதில்லை. ஆகவே மனுவில் உணர்ச்சியைவிடச் சான்று பேச வேண்டும்: தேவாரப் பதிக எண்கள், கல்வெட்டு வரிகள், பெயர் தொடர்ந்து வழங்கிய காலம்.

கேள்வி: கோயில் சுவரில் உள்ள கல்வெட்டில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– கல்லூரி மாணவர், தலைஞாயிறு

அச்சான பாடத்தில் தொடங்குங்கள். வேதாரண்யம் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி 17இல் உள்ளன. பழைய எழுத்தில் புள்ளி இராது, எ–ஏ, ஒ–ஓ வேறுபாடும் இராது. உங்கள் ஊர்ப்பெயரைக் குறிலாகவும் நெடிலாகவும் எழுதிப் பார்த்துத் தேடுங்கள். கொடி என்றிருப்பது கோடியாகவும் இருக்கலாம். வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் உள்ள நிலப்பெயர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர் மறைந்த இடத்தில் வயற்பெயராக அது ஒளிந்திருப்பதுண்டு.

அதன்பிறகு சுவருக்குப் போங்கள். மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் நல்லது. இருட்டிய மண்டபம் என்றால் ஒருவர் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பிடிக்க, மற்றவர் நேர் எதிரே நின்று படமெடுக்க வேண்டும். விளக்கு நேராக அடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழாது, ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு படமும் முந்தையதோடு கால்பங்கு ஒன்றின்மேல் ஒன்று வரட்டும். வரி மாறிப் படிக்கும் பிழை அதனால்தான் தவிர்க்கப்படும். மாவு, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். கடலோரக் கல்லில் ஏற்கெனவே உப்பு ஏறி மேல்தோல் பொரிந்திருக்கும். தேய்த்தால் எழுத்தோடு உதிரும்.

மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் நகலெடுப்பது, முன் அனுமதியோடு, பயின்றவர் துணையோடு செய்ய வேண்டிய வேலை. ஈரத்தாளைச் சுவரில் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் பதியவைத்து, தாள் அரைகுறையாய்க் காய்ந்ததும் துணிப்பொதியால் மை ஒற்றுவார்கள். ஈரம் மிஞ்சினால் மை பரவி எழுத்து அடைந்துபோகும்; முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் சுவரை விட்டுக் கிளம்பி வரி இரட்டிக்கும்.